எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் ஏன் இடத்துக்கு இடம் வேறு எண் காட்டுகிறது?

ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் தொடர்புகொள்ளும் கலைக்கு, புதிதாக வருகிறவர்களை முதலில் குழப்புவது எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர். ஆன்டெனாவுக்கு அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை ஒரு விகிதமாகக் காட்டும் கருவி அது. எதுவும் திரும்பாவிட்டால் 1. ரிக்கில், அதாவது அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோவில், உள்ள மீட்டர் 1.3 என்கிறது. வெளியே மாட்டிய மீட்டர் 1.6 காட்டுகிறது. மாடிக்கு ஏறி ஆன்டெனாவின் அடியிலேயே அனலைசரை (தானே ஒரு சின்ன சிக்னலை அனுப்பி அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் 3. எது சரி என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். மீட்டர் மட்டமானது என்பார் ஒருவர். கேபிளில் இரண்டடி வெட்டு, சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். 1.5-க்கு மேல் போனால் ரிக் எரிந்துவிடும் என்று மூன்றாமவர் பயமுறுத்துவார்.

இந்த மூன்று எண்களுமே சரியாக இருக்கலாம். அளந்த இடம், அளந்த கருவி, அளந்த பவர் ஆகியவை வேறு. அதனால் எண்ணும் வேறு. இதைப் புரிந்துகொள்ளக் கணக்கு அதிகம் வேண்டாம். அலை என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

கயிற்றில் ஓடும் அலை

ஒரு நீளமான கயிற்றின் நுனியைக் கையில் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால், ஒரு மேடு கயிற்றின் வழியே ஓடும். மறுமுனை சுவரில் இறுகக் கட்டியிருந்தால் அந்த மேடு மோதித் திரும்பி வரும். மறுமுனையில் இதே கனமுள்ள இன்னொரு கயிற்றை முடிந்திருந்தால், முடிச்சைத் தாண்டி அப்படியே போய்விடும், திரும்பி வராது. தேர் வடம் மாதிரி கனத்த கயிற்றை முடிந்திருந்தால் கொஞ்சம் போகும், கொஞ்சம் திரும்பும்.

ரிக்கிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளில் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோகப் பின்னல்) நடப்பதும் இதுதான். கயிற்றின் கனத்துக்குப் பதிலாக இங்கே இம்பீடன்ஸ் இருக்கிறது. ஓடும் அலையில் வோல்ட்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள விகிதமே இம்பீடன்ஸ், அலகு ஓம். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கேபிள் 50 ஓம். மல்டிமீட்டர் வைத்து இதை அளக்க முடியாது, ஓடும் அலைக்குத்தான் அது பொருந்தும். ஆன்டெனாவும் 50 ஓமாக இருந்தால் அலை முழுவதும் ஆன்டெனாவுக்குள் போய்விடும். இல்லையென்றால் ஒரு பகுதி திரும்பும்.

இப்போது ஒரு தடவை சுண்டுவதற்குப் பதில் விடாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். போகிற அலையும் திரும்புகிற அலையும் சில இடங்களில் ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகும். சில இடங்களில் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். பெரிதாகும் இடமும் சிறிதாகும் இடமும் நகராமல் அங்கேயே நிற்கும். இதுதான் நிலை அலை. கேபிளில் வோல்ட்டேஜ் மிக அதிகமான இடத்தின் அளவை, மிகக் குறைந்த இடத்தின் அளவால் வகுத்தால் வருவது நிலை அலை விகிதம், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். எதுவும் திரும்பவில்லை என்றால் எல்லா இடத்திலும் ஒரே வோல்ட்டேஜ், விகிதம் 1. முழுவதும் திரும்பினால் முடிவிலி.

மீட்டர் நிலை அலையைப் பார்ப்பதே இல்லை

வானொலியின் ஆரம்ப காலத்தில் திறந்த கம்பிகளின் மேல் ஒரு சிறு உணரியை நகர்த்திக்கொண்டே போய், வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதை நேராகவே பார்த்தார்கள். இன்று நம் மேசையில் இருக்கும் மீட்டர் அப்படி எதுவும் செய்வதில்லை. அது கேபிளின் நெடுகப் பயணம் போவதில்லை, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தைக் கடந்து போகும் பவர் எவ்வளவு, திரும்பும் பவர் எவ்வளவு என்று இரண்டையும் பிரித்து எடுக்கிறது. அவற்றை வைத்து, எஸ்.டபிள்யூ.ஆர் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

கணக்கு எளிது. 100 வாட் போய் 4 வாட் திரும்பினால் எஸ்.டபிள்யூ.ஆர் 1.5. 11 வாட் திரும்பினால் 2. 25 வாட் திரும்பினால் 3. ஒன்றரை என்று கேட்டுப் பதறுகிறவர்கள் இந்த 4 வாட்டைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எதிர்முனையில் கேட்பவரால் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆக, மீட்டர் காட்டும் எண் மூன்று விஷயங்களைச் சார்ந்தது. அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் திரும்பி வரும் பவர் எவ்வளவு, அந்த மீட்டர் எத்தனை ஓமுக்கு வடிவமைக்கப்பட்டது, போவதையும் வருவதையும் அது எவ்வளவு சுத்தமாகப் பிரிக்கிறது. எண்கள் மாறுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

கேபிளின் இழப்பு: எண்ணை அழகாக்கும் திரை

மீண்டும் கயிற்றுக்கு வருவோம். அந்தக் கயிறு கரடுமுரடான தரையில் கிடக்கிறது என்று வையுங்கள். நீங்கள் சுண்டிய மேடு தரையில் உரசி உரசிச் சிறுத்துப்போய்ச் சுவரை அடையும். திரும்பும்போது மறுபடியும் உரசும். உங்கள் கைக்கு வந்து சேரும்போது அது இருக்கிற இடமே தெரியாது. சுவரில் எதுவும் மோதவில்லை, எல்லாம் நன்றாகப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கேபிளும் அலையை இப்படித் தேய்க்கிறது. பவரின் ஒரு பகுதி கேபிளிலேயே சூடாகிப் போகிறது. இந்த இழப்பை டெசிபெல் என்ற அலகில் சொல்வார்கள். 3 டெசிபெல் என்றால் பாதி பவர் போய்விட்டது. 6 டெசிபெல் என்றால் கால் பங்குதான் மிச்சம். அதிர்வெண் கூடக்கூட இழப்பும் கூடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மொட்டைமாடியில் இரண்டு மீட்டர் பேண்டுக்கான (அலைநீளம் சுமார் இரண்டு மீட்டர் உள்ள அலைவரிசைக்கான) ஆன்டெனா, கீழே ரிக், நடுவில் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். 145 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிளின் இழப்பு சுமார் 6 டெசிபெல். ரிக் 50 வாட் தருகிறது. மேலே போய்ச் சேருவது சுமார் 12.5 வாட். ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர் 3 என்றால், அதில் கால் பங்கு, அதாவது 3 வாட்டுக்குச் சற்று மேல் திரும்பும். அது கீழே இறங்கும்போது மறுபடி கால் பங்காகச் சுருங்கி 0.8 வாட்டாக வந்து சேரும். கீழே உள்ள மீட்டருக்குத் தெரிவது 50 வாட் போனதும் 0.8 வாட் வந்ததும் மட்டுமே. அது 1.3 என்று காட்டும். அதே நேரத்தில் மேலே வைத்த மீட்டர் 3 என்று காட்டும்.

இரண்டும் சரி. ஆனால் காற்றில் போனது வெறும் 9 வாட் சொச்சம். கீழே 1.3-ஐப் பார்த்து ஆன்டெனா பிரமாதம் என்று முடிவு செய்தால், 40 வாட் கேபிளிலும் பொருத்தமின்மையிலும் கரைந்தது தெரியாமலே போய்விடும்.

இன்னும் கொஞ்சம் போவோம். மேலே ஆன்டெனாவையே கழற்றிவிட்டுக் கேபிளின் முனையைத் திறந்தபடி விட்டால் என்ன ஆகும்? போய்ச் சேர்ந்தது முழுவதும் திரும்பும். ஆனாலும் இந்தக் கேபிளில் கீழே உள்ள மீட்டர் 1.7 என்றுதான் காட்டும்! ஆன்டெனாவே இல்லாமல் 1.7. ரிக்கின் பக்கத்தில் எடுத்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இதையே ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம். கேபிளின் மறுமுனையைத் திறந்து வைத்து அல்லது ஷார்ட் செய்து, இந்தப் பக்கம் அனலைசரால் அளந்து பாருங்கள். 3 காட்டினால் இழப்பு 3 டெசிபெல். 1.7 காட்டினால் 6 டெசிபெல். எண் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, கேபிள் அவ்வளவு நல்லது. இந்தச் சோதனையை ரிக்கை வைத்துச் செய்ய வேண்டாம், அனலைசரின் சின்ன சிக்னலே போதும்.

ஒரு ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர் வருடா வருடம் தானாகவே நல்லதாகிக்கொண்டே வந்தால் மகிழ வேண்டாம். கனெக்டர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, கேபிளின் பின்னல் கறுத்து, இழப்பு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம்.

இழப்பு எல்லா இடத்திலும் இவ்வளவு பயங்கரம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில், 20 மீட்டர் ஆர்ஜி-58 சாப்பிடுவது ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு. அங்கே ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர் 2 ஆனாலும், அதனால் கூடுதலாகக் கேபிளில் இழப்பது 0.2 டெசிபெல்கூட இல்லை. 40 மீட்டர் பேண்டின் டைபோலில் (நடுவில் கேபிள் சேர, இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) 2-ஐ 1.1 ஆக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுவதைவிட, இரண்டு மீட்டர் பேண்ட் ஆன்டெனாவின் கேபிளை இன்னும் தடித்த ஆர்ஜி-213 ஆக மாற்றுவது நூறு மடங்கு பயனுள்ள வேலை. அதே 30 மீட்டரில் அதன் இழப்பு 3 டெசிபெல்லுக்கும் குறைவு.

சுருக்கமாக: கேபிளில் இழப்பு இருந்தால், ரிக் பக்கத்து எண் எப்போதும் ஆன்டெனா பக்கத்து எண்ணைவிட நல்லதாகத் தெரியும்.

கேபிளை வெட்டினால் சரியாகுமா?

இழப்பு மிகக் குறைந்த 50 ஓம் கேபிளில், எங்கே அளந்தாலும் எஸ்.டபிள்யூ.ஆர் ஏறத்தாழ ஒன்றேதான். இரண்டடி வெட்டினாலும் சேர்த்தாலும் அது மாறக்கூடாது. வெட்டியதும் எண் நன்றாகக் குதித்தது என்றால், வேறு ஏதோ நடக்கிறது என்று பொருள். சாதாரணமாக இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, கேபிள் 50 ஓம் இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று டிவி கேபிளான ஆர்ஜி-6-ஐப் போடுகிறவர்கள் உண்டு. அது 75 ஓம். அதனால் தப்பில்லை, இழப்பு குறைந்த நல்ல கேபிள்தான். ஆனால் நம் மீட்டர் 50 ஓமுக்கானது. மறுமுனையில் துல்லியமான 50 ஓம் ஆன்டெனா இருக்கிறது என்று கொள்வோம். கேபிளின் நீளம் அரை அலைநீளம் என்றால் மீட்டர் 1 காட்டும். கால் அலைநீளம் என்றால் கேபிள் அந்த 50 ஓமை 112 ஓமாக உருமாற்றிக் காட்டும், மீட்டர் 2.25 என்று சொல்லும். இரண்டு நேரத்திலும் கேபிளுக்குள் உண்மையில் இருக்கும் விகிதம் 1.5. மீட்டர் அந்த 1.5-ஐச் சொல்லவே இல்லை. தன் இடத்தில் தெரியும் இம்பீடன்ஸை 50 ஓமோடு ஒப்பிட்டுச் சொல்கிறது, அவ்வளவே. இங்கே அலைநீளம் என்பது கேபிளுக்குள் உள்ள அலைநீளம். கேபிளில் அலை வெளியைவிட மெதுவாகப் போவதால் அது குறுகும். 7.1 மெகாஹெர்ட்ஸில் வெளியில் கால் அலைநீளம் 10.6 மீட்டர். நுரை நிரப்பிய ஆர்ஜி-6-இல் அது சுமார் 8.7 மீட்டர்.

இரண்டாவது காரணம்தான் அதிகம் பேரைச் சுற்றலில் விடுகிறது. கோஆக்ஸில் இரண்டு பாதைகள் என்று நினைக்கிறோம்: நடுக்கம்பி, வெளிப்பின்னல். ரேடியோ அதிர்வெண்ணில் மூன்று பாதைகள் இருக்கின்றன. பின்னலின் உட்புறம் ஒன்று, வெளிப்புறம் இன்னொன்று. டைபோலின் நடுவில் கேபிளை நேராக இணைத்தால், ஒரு பகுதி கரண்ட் பின்னலின் வெளிப்புறம் வழியாகக் கீழே இறங்கும். இதைக் காமன் மோட் கரண்ட் என்கிறார்கள். அப்போது கேபிளே ஆன்டெனாவின் ஒரு பாகமாகிவிடும். அதன் நீளத்தை மாற்றினால் ஆன்டெனாவின் நீளத்தையே மாற்றியது போல. கேபிளைச் சுவரோரம் நகர்த்தினாலும், கையால் பிடித்தாலும் முள் அசையும். மைக்கைத் தொடும்போது சுள்ளென்று உறைத்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு மருந்து, கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில் ஒரு சோக். பொருத்தமான ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சில சுற்றுகள் சுற்றினாலே வெளிப்புறக் கரண்ட் பெருமளவு அடங்கும். கடையில் 1:1 கரண்ட் பாலன் என்று கேட்டால் தருவதும் இந்த வேலையைத்தான் செய்கிறது. சோக் போட்ட பிறகு எஸ்.டபிள்யூ.ஆர் முன்பைவிட ஏறினாலும் பதற வேண்டாம். இப்போதுதான் ஆன்டெனாவை மட்டும் அளக்கிறீர்கள்.

ஒரே இடம், இரண்டு மீட்டர்

ஒரே இடத்தில் வைத்த இரண்டு மீட்டர்கள் ஏன் ஒத்துப்போவதில்லை? போகும் அலையையும் திரும்பும் அலையையும் எந்த மீட்டராலும் நூறு சதவீதம் பிரிக்க முடியாது. போகும் அலையில் ஒரு துளி, திரும்பும் அலையின் கணக்கில் ஒழுகும். இந்த ஒழுக்கு எவ்வளவு குறைவோ, அந்த மீட்டரின் டைரக்டிவிட்டி அவ்வளவு நல்லது. 25 டெசிபெல் டைரக்டிவிட்டி உள்ள மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான எஸ்.டபிள்யூ.ஆர் 1.5 இருக்கும்போது அது 1.35 முதல் 1.7 வரை எதையும் காட்டலாம். ஒன்று 1.35, இன்னொன்று 1.7 என்றால் இரண்டுமே தம் தரத்துக்கு உட்பட்டு நேர்மையாகத்தான் இருக்கின்றன.

முள் மீட்டரின் துல்லியத்தை முழு அளவின் சதவீதமாகச் சொல்வது வழக்கம். தொழில்முறையாளர்கள் மதிக்கும் பேர்ட் 43 வாட்மீட்டரிலேயே அது முழு அளவில் 5 சதவீதம். அதில் செருகும், பவர் அளவைத் தீர்மானிக்கும் எலிமெண்ட் என்ற பாகத்தில் 100 வாட்டுக்கானதைப் போட்டால் 5 வாட் கூடவோ குறையவோ காட்டலாம். அந்த எலிமெண்டை வைத்துக்கொண்டு திரும்பும் 4 வாட்டை அளப்பதில் அர்த்தமில்லை. முள் பூஜ்யத்திலும் நிற்கலாம், 9-லும் நிற்கலாம், எஸ்.டபிள்யூ.ஆர் கணக்கு 1-இலிருந்து 1.9 வரை எங்கேயும் போகும். திரும்பும் பவரை அளக்கச் சின்ன எலிமெண்டைத் திருப்பிப் போடுவது இதனால்தான்.

பவரைக் குறைத்தால் எஸ்.டபிள்யூ.ஆர் நல்லதாகிறது என்று சிலர் சொல்வதும் மீட்டரின் குணம்தான். சாதாரண மீட்டர்களுக்குள் ஒரு டயோடு இருக்கிறது. மிகச் சிறிய வோல்ட்டேஜை அது சரியாகக் கண்டுகொள்ளாது. 5 வாட்டில் 1.5 என்றால் திரும்புவது 0.2 வாட். டயோடு அதை இன்னும் குறைத்துக் காட்டும், எண் 1.2 ஆகிவிடும். இதற்கு மாறாக, பவரை ஏற்றி வைத்துக் கொஞ்ச நேரத்தில் எண் மெல்ல ஏறுகிறது என்றால் மீட்டரைத் திட்ட வேண்டாம். பாலனின் ஃபெரைட் சூடாகிறதா, கனெக்டர் சரியாக இறுகவில்லையா என்று பாருங்கள். பேச்சு சிக்னலில் அளக்க வேண்டாம், முள் ஆடிக்கொண்டே இருக்கும். பேச்சு ஏற்றாத, அளவு மாறாத அலையில், அதாவது நிலையான கேரியரில், அளக்க வேண்டும். எச்.எஃப் பேண்டுகளுக்கான (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) மீட்டரை 145 மெகாஹெர்ட்ஸில் போட்டு அது காட்டுவதை நம்பவும் கூடாது.

மீட்டரைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டரான டம்மி லோடில் நல்ல 50 ஓம் ஒன்றைக் கேபிள் இல்லாமல் நேராக மாட்டினால் 1 காட்ட வேண்டும். இரண்டு டம்மி லோடுகளை டி கனெக்டரில் இணையாக மாட்டினால் 25 ஓம், 2 காட்ட வேண்டும். குறைந்த பவரில், எச்.எஃப் பேண்டுகளில் இதைச் செய்து பாருங்கள். எந்த மீட்டரை எவ்வளவு நம்பலாம் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அனலைசரும் ட்யூனரும்

2019 வாக்கில் பரவிய நானோவிஎன்ஏ, அனலைசரை எல்லார் கைக்கும் கொண்டுவந்துவிட்டது. பெரிய வரம்தான். ஆனால் ஓப்பன் (திறந்த முனை), ஷார்ட் (இணைத்த முனை), லோடு (50 ஓம்) மூன்றையும் மாட்டி அதைக் கேலிபிரேட் செய்த, அதாவது அளவைச் சரிபார்த்து நிலைநிறுத்திய, இடமே அதன் அளக்கும் இடம். அனலைசரின் வாயிலேயே செய்தால் கேபிளையும் சேர்த்து அளக்கும். கேபிளின் மறுமுனையில் செய்தால் ஆன்டெனாவை மட்டும் அளக்கும். இன்னொன்று, அதன் சிக்னல் மிகச் சிறியது. பக்கத்தில் சக்தி வாய்ந்த ஒலிபரப்பு நிலையம் இருந்தால் அந்த அலையும் உள்ளே நுழைந்து அளவைக் கலைக்கும். அப்போது ரிக்கையும் மீட்டரையும் நம்புவதே மேல்.

ரிக்குக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் மாட்டி இம்பீடன்ஸைப் பொருத்தும் பெட்டியான ட்யூனரைப் பற்றி ஒரு வார்த்தை. ட்யூன் செய்ததும் ரிக் 1 காட்டுகிறது. ட்யூனருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் பழைய 3 அப்படியே இருக்கும். ட்யூனர் ஆன்டெனாவை மாற்றுவதில்லை. ரிக்குக்குப் பிடித்த 50 ஓமைத் தன் வாசலில் உருவாக்கிக் கொடுக்கிறது. அதனால் ரிக் பவரைக் குறைக்காமல் முழுதாகத் தருகிறது. இன்றைய ரிக்குகளில் பெரும்பாலானவை எஸ்.டபிள்யூ.ஆர் ஏறினால் தாமாகவே பவரைக் குறைத்துத் தம்மைக் காத்துக்கொள்ளும். 1.5-க்கே எரிந்துவிடும் என்ற பேச்சை விட்டுவிடலாம்.

1 வந்துவிட்டால் நல்ல ஆன்டெனாவா?

டம்மி லோடின் எஸ்.டபிள்யூ.ஆர் 1. அது ஒரு ஆன்டெனா இல்லை, வெறும் சூடாகும் ரெசிஸ்டர். திரும்பி வராத பவர் காற்றில்தான் போயிற்று என்று மீட்டர் ஒருபோதும் சொல்லவில்லை. திரும்பவில்லை என்று மட்டும் சொல்கிறது.

தரையில் நட்ட கால் அலைநீள வெர்ட்டிகல், அதாவது செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா, இதற்கு நல்ல உதாரணம். நல்ல தரை கிடைத்தால் அதன் இம்பீடன்ஸ் சுமார் 36 ஓம், எஸ்.டபிள்யூ.ஆர் 1.4. அதன் அடியிலிருந்து தரையில் சுற்றிலும் விரிக்கும் ரேடியல் கம்பிகள் போதாமல் மண்ணில் 14 ஓம் அளவுக்கு இழப்பு இருந்தால் மொத்தம் 50 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர் அழகாக 1 வரும். ஆனால் பவரில் 28 சதவீதம் மண்ணைச் சூடாக்கப் போகிறது. இன்னும் பத்து, இருபது ரேடியல் கம்பிகளைப் போடப் போட மண்ணின் இழப்பு குறையும், மீட்டரின் எண் 1-இலிருந்து 1.4-ஐ நோக்கி ஏறும், சிக்னல் பலமாகும். எண் ஏறுகிறதே என்று பயந்து போட்ட கம்பிகளைப் பிடுங்கிவிடாதீர்கள்.